குளியலறைக் கதவுக்கு வெளியே ஒரு குரல்

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் 14 வயதுப் பையன் இருக்கிறான். ஆட்டிசம் உள்ளவன், கணக்கில் அவனை அடித்துக்கொள்ள வகுப்பில் ஆளில்லை. காலையில் பல் தேய்க்கப் போவான், பிரஷைக் கையில் எடுப்பான், அப்புறம் அப்படியே நிற்பான். கதவுக்கு வெளியிலிருந்து அம்மா "பேஸ்ட்" என்பார், வைப்பான். "தேய்" என்பார், தேய்ப்பான். "அடுத்தது" என்பார், பிரஷை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றுவான். ஒருநாள் அம்மா போன் பேச்சில் இவனை மறந்துவிட, இருபது நிமிடம் வாய் நிறைய நுரையோடு அதே இடத்தில் நின்றிருக்கிறான். "பத்து வருஷமா சொல்லிக்கொடுக்கிறேன், இன்னும் வரலை" என்று அவர் என்னிடம் சொன்னபோது கிட்டத்தட்ட அழுதுவிட்டார்.

அவனுக்கு எப்போதோ வந்துவிட்டது. பிரஷ், பேஸ்ட், வலம், இடம், துப்பு, கொப்பளி எல்லாம் தெரியும். ஆனால் அவன் கற்றுக்கொண்ட வரிசையில் ஒவ்வொரு படிக்கும் நடுவில் அம்மாவின் குரலும் ஒரு படியாக உட்கார்ந்திருக்கிறது. அந்தப் படி வராமல் அடுத்ததற்குப் போகக்கூடாது என்று அவன் நினைப்பதில் அவன் பக்கம் தப்பே இல்லை, அப்படித்தானே நாம் பத்து வருடமாக நடத்திக் காட்டியிருக்கிறோம்!

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தன்சுத்தம் சொல்லிக்கொடுப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் "எப்படிச் செய்யவைப்பது" என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. எனக்கு அதைவிடப் பெரிய கேள்வியாகப் படுவது, நாம் அந்த அறையை விட்டு எப்படி வெளியேறுவது என்பது. பிள்ளைக்கு நாலு வயதாக இருக்கும்போதே இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தால், 14 வயதில் கதவுக்கு வெளியே நின்று கத்தவேண்டியிருக்காது.

சரி, முதலில் இது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று பார்ப்போம். குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, உரத்த ஓசைகளுக்கும் நகரும் பொருள்களுக்கும் அவர்கள் மிரண்டது பதிவாகியிருக்கிறது. ஆனால் ஓசை, ஒளி, தொடுதல், வாசனை இவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது 2013இல், அதன் ஐந்தாம் பதிப்பான டிஎஸ்எம்-5 வந்தபோதுதான். இடையில் 70 வருடம். அந்த 70 வருடமும் குளிக்கமாட்டேன் என்று அலறிய பிள்ளைகளுக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிடிவாதம், அடம், செல்லம் கொடுத்துக் கெடுத்தது. இன்றைக்கும் பல வீடுகளில் இதே பெயர்கள்தான்.

வீட்டிலேயே புலன்களைப் போட்டுத் தாக்கும் இடம் எது என்றால் குளியலறைதான். சுவர் முழுக்க ஓடு, ஒவ்வொரு சத்தமும் எதிரொலிக்கும். காற்றாடி உறுமும். ஷவரிலிருந்து விழும் துளிகள் நமக்கு இதமாக இருக்கலாம், லேசான தொடுதலைத் தாங்கமுடியாத தோலுக்கு அவை நூறு ஊசி. ஈரத்தோடு ஒட்டும் துணி, சோப்பின் வாசனை, கண்ணில் இறங்கும் நுரை, குளித்து முடித்ததும் வெதுவெதுப்பிலிருந்து குளிருக்கு ஒரே நொடியில் மாறும் காற்று, இத்தனையும் பத்து நிமிடத்துக்குள். தனக்கு ஆட்டிசம் இருப்பதை வெளிப்படையாகப் பேசிவரும் விஞ்ஞானி டெம்பிள் கிராண்டின், சிறுவயதில் தலைக்கு ஷாம்பூ போட்டது உண்மையிலேயே வலித்தது என்று எழுதியிருக்கிறார். பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை, வலித்தது என்கிறார். வலிக்கும் ஒன்றை மறுக்கும் பிள்ளையைத் திருத்தப் பார்ப்பதில் அர்த்தமில்லை, வலியைத்தான் குறைக்கவேண்டும்.

இதற்கு நேர் எதிராகவும் இருக்கும். முகமெல்லாம் சாப்பாடு ஒட்டியிருப்பதே தெரியாது, உள்ளாடை ஈரமாக இருப்பதே உறைக்காது, தண்ணீர் சூடு என்று கையை இழுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். ஒரே பிள்ளையிடம் இரண்டும் இருக்கலாம்: சட்டையின் லேபிள் குத்துகிறது என்று அழுகிறவனுக்கே மூக்கு ஒழுகுவது தெரியாமல் இருக்கும். இதில் தனியாகச் சொல்லவேண்டியது, உடம்புக்குள்ளிருந்து வரும் செய்திகள். சிறுநீர்ப்பை நிறைந்துவிட்டது, பசிக்கிறது, வயிறு வலிக்கிறது என்று உள்ளிருந்து சொல்லும் இந்த உட்புலனை 1906இலேயே சார்ல்ஸ் ஷெரிங்டன் என்ற நரம்பியல் அறிஞர் வெளிப்புலன்களிலிருந்து பிரித்துப் பேசினார். இன்று இதை இன்டரோசெப்ஷன் என்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்தச் செய்தி மங்கலாகவோ, தாமதமாகவோ, கடைசி நொடியில் மொத்தமாகவோதான் வந்து சேர்கிறது. "வந்தா சொல்லமாட்டியா?" என்று கேட்கிறோம். வந்தது அவனுக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நாம் ஏன் தினமும் குளிக்கிறோம்? கிருமிக்குப் பயந்து என்று வாய் சொல்லும், உண்மையில் பாதிக் காரணம் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது. தலை கலைந்திருந்தால், வியர்வை நாறினால் யாராவது முகம் சுளிப்பார்களே என்ற கூச்சம்தான் நம்மைத் தள்ளிக்கொண்டு போய்க் குளியலறையில் விடுகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்த நாலு பேரின் முகச்சுளிப்பு கண்ணில் படாமலே போகலாம், பட்டாலும் அதற்கும் தன் அக்குளுக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்காமல் போகலாம். கிருமி கண்ணுக்குத் தெரியாத கதை. ஆக அவன் பக்கமிருந்து பார்த்தால், காரணமே இல்லாமல் தினமும் ஒரு வேதனையை அனுபவிக்கச் சொல்கிறார்கள்!

அதனால் பிள்ளையை மாற்றுவதற்கு முன் அறையை மாற்றுங்கள். இதில் செலவும் அதிகமில்லை, பலனும் சீக்கிரம் தெரியும். காற்றாடியை அணைத்துவிட்டுக் குளிக்கவைத்துப் பாருங்கள். ஷவர் ஆகவில்லையென்றால் வாளியும் குவளையும், அல்லது கையில் பிடித்துக்கொள்ளும் ஷவர், ஏனென்றால் தண்ணீர் எப்போது எங்கே விழும் என்பது அவன் கையில் இருந்தாலே பாதிப் பயம் போய்விடும். தலைக்கு ஊற்றும்போது நெற்றியில் மடித்த துண்டை அவனே அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். லேசாக வருடித் தேய்ப்பதைவிட அழுத்தித் தேய்ப்பது பல பிள்ளைகளுக்குத் தாங்கும்படி இருக்கிறது. துடைப்பதும் அப்படித்தான், துண்டைப் போர்த்தி அழுத்தி எடுங்கள். வெந்நீர்க் கருவி இருக்கும் வீடுகளில் அதன் வெப்பத்தை 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாதபடி வைக்கச் சொல்வார்கள். சூடு உறைக்காத பிள்ளை இருக்கும் வீட்டில் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

பல் தேய்ப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் தினசரிப் போர். புதினா வாசனை பேஸ்ட் நமக்குப் புத்துணர்ச்சி, சில பிள்ளைகளின் நாக்குக்கு மிளகாய். நுரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், வாய்க்குள் தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஏதோ பெருகிக்கொண்டே போகிறது. வாசனை இல்லாத, நுரைக்காத பேஸ்ட்கள் கிடைக்கின்றன. நுரைக்குக் காரணம் பெரும்பாலும் சோடியம் லாரில் சல்பேட் என்ற பொருள், அது இல்லாததைத் தேடுங்கள். ஃப்ளூரைடு இருக்கட்டும். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு போதும். பல்லின் மூன்று பக்கத்தையும் ஒரே இழுப்பில் சுத்தம் செய்யும்படி வளைந்த பிரஷ்கள் உண்டு, நேரம் பாதியாகும். மின் பிரஷின் அதிர்வு சிலருக்கு ரொம்பப் பிடிக்கும், சிலர் அறையை விட்டே ஓடுவார்கள், வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். எதுவுமே முடியவில்லையா, இன்றைக்கு பிரஷ் உதட்டைத் தொட்டு ஒரு நொடி இருந்தால் போதும் என்று ஆரம்பியுங்கள். ஒரு வாரம் கழித்து முன்பல்லில் மூன்று எண்ணும் வரை. கையைக் காலைப் பிடித்து அமுக்கித் தேய்த்துவிட்டால் இன்றைக்குப் பல் சுத்தமாகும், ஆனால் அதற்கப்புறம் பல வருடங்களுக்கு பிரஷைக் கண்டாலே ஓடும் பிள்ளையோடு நீங்கள் வாழவேண்டியிருக்கும். இதை நான் பார்த்திருக்கிறேன்.

நகம் வெட்ட, குளித்தவுடன் நகம் மென்மையாக இருக்கும் நேரம் நல்லது. வெட்டும் முன் விரல் நுனியை நன்றாக அழுத்திவிடுங்கள். பத்து விரலையும் ஒரே நாளில் வெட்டவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை, ஒரு நாளைக்கு ஒரு விரல் போதும்.

அப்புறம் சொல்லிக்கொடுக்கும் வேலை. "போய்க் குளி" என்பது நமக்கு ஒரே சொல். ஒரு நாள் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, நீங்கள் குளிப்பதை நீங்களே கவனித்து ஒவ்வொரு அசைவையும் எழுதிப் பாருங்கள். துண்டு, மாற்றுடை எடுத்துப்போவதில் ஆரம்பித்து ஈரத்துண்டைக் காயப்போடுவது வரை சாதாரணமாக முப்பதைத் தாண்டும். இத்தனை படிகளை வரிசைப்படுத்தி, ஒன்றை முடித்து அடுத்ததைத் தொடங்கி, எது முடிந்தது என்று நினைவில் வைத்திருக்கும் திறன் அறிவுக்கூர்மையிலிருந்து தனியானது. கணக்கில் புலியாக இருக்கிறவன் குளித்துவிட்டு சோப்பு நுரையோடு வெளியே வருவதைப் பார்த்து "இவ்வளவு தெரிந்தவனுக்கு இது தெரியாதா, சோம்பேறித்தனம்" என்று முடிவுகட்டுகிறோம். நன்றாகப் பேசும், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடம்தான் இந்த இடைவெளி பெரிதாக இருப்பதும், அவர்கள்தான் அதிகம் திட்டு வாங்குவதும். பேச்சு வராத பிள்ளைக்காவது யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

எழுதும்போது சொற்களைக் கவனியுங்கள். "நல்லா தேய்" என்றால் எவ்வளவு? "கொஞ்சம் ஷாம்பூ" என்றால்? முடிவு எங்கே என்று தெரியாத வேலை இந்தப் பிள்ளைகளுக்கு நரகம். ஒரு கைக்கு பத்து முறை, ஷாம்பூ ஒரு நாணய அளவு, பல்லுக்கு இரண்டு நிமிடம் டைமர், கை கழுவ இருபது நொடி என்று எண்ணால் சொல்லுங்கள். எண் இருந்தால் முடிவு இருக்கிறது, முடிவு தெரிந்தால் தொடங்குவதற்குத் தைரியம் வரும்.

எழுதிய படிகளை முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கவேண்டும் என்றுதான் தோன்றும். பல நேரங்களில் கடைசியிலிருந்து ஆரம்பிப்பதுதான் நன்றாக வேலை செய்கிறது. கை கழுவுவதை எடுத்துக்கொள்ளுங்கள்: குழாய் திறப்பது, நனைப்பது, சோப்பு, தேய்ப்பது, அலசுவது, குழாய் மூடுவது எல்லாவற்றையும் நீங்கள் அவன் கையோடு சேர்ந்து செய்துவிட்டு, துண்டில் துடைப்பதை மட்டும் அவனிடம் விடுங்கள். அது பழகியதும் குழாயை மூடுவதும் துடைப்பதும் அவன் வேலை. இப்படியே பின்னிருந்து முன்னால் வருவது. முன்னிருந்து போனால் குழாயைத் திறந்ததோடு அவன் பங்கு முடிந்து, மிச்சத்தை யாரோ செய்துமுடிக்கிறார்கள். பின்னிருந்து வந்தால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவன். அதோடு, புதிதாகக் கற்கும் படிக்கு அடுத்து வருவதெல்லாம் ஏற்கெனவே பழகியவை, ஆகவே கஷ்டத்திலிருந்து சுலபத்துக்குப் போகிறான். கால்சட்டை போடுவது, ஜிப் இழுப்பது, படுக்கை மடிப்பது எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இங்கேதான் அந்தக் குரல் வருகிறது. உதவி பலவகை: கையைப் பிடித்துச் செய்யவைப்பது, முழங்கையை லேசாகத் தொடுவது, விரலால் சுட்டுவது, படம் காட்டுவது, வாயால் சொல்வது. வாயால் சொல்வதுதான் இருப்பதிலேயே லேசான உதவி என்று நாம் நினைக்கிறோம். நடைமுறையில் விலக்கிக்கொள்ள ரொம்பக் கடினமானது அதுதான். கையைப் பிடித்திருந்தால் பிடியைத் தளர்த்தலாம், மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து தோளுக்கு நகரலாம், அப்புறம் நிழல்போலப் பின்னால் நிற்கலாம். பேச்சை எப்படித் தளர்த்துவது? சன்னமாகச் சொன்னாலும் அது சொல்தான். மேலும் பேச்சு நம்மிடமிருந்து தன்னையறியாமல் வழிகிறது, ஒன்றுமில்லை என்று நினைத்தபடியே நிமிடத்துக்கு ஆறு தடவை சொல்லிவிடுகிறோம். நான் ஒரு பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடச் சொல்லிக்கொடுத்ததை வீடியோவில் பார்த்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. நாலு நிமிடத்தில் என் வாய் மூடவே இல்லை.

ஆகவே கற்றுக்கொடுக்கும்போது பேசாதீர்கள். பின்னால் நின்று, அவன் அனுமதியோடு கையைச் சேர்த்துச் செய்யவையுங்கள், முன்னால் சுவரில் படங்கள் இருக்கட்டும். தயங்கினால் ஐந்து நொடி காத்திருங்கள் (அந்த ஐந்து நொடி ஐந்து வருடம் போல இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள்), அப்புறம் படத்தைச் சுட்டுங்கள். படம் நம்மைவிட நல்ல ஆசிரியர். அலுத்துக்கொள்ளாது, குரல் உயர்த்தாது, நாளைக்கும் அங்கேயே இருக்கும். கண்ணால் பார்ப்பதை வைத்தே நாளைக் கட்டமைக்கும் இந்த யோசனை புதிதும் அல்ல, அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் எரிக் ஷாப்லர் ஆட்டிசம் உள்ளவர்களுக்காகக் கட்டியெழுப்பிய டீச் திட்டம் 1970களிலிருந்தே இதைச் செய்துவருகிறது. படங்களை நனையாதபடி உறையிட்டு, அவன் கண்மட்டத்தில் ஒட்டுங்கள். படிக்கத் தெரிந்தவனுக்கு எழுத்துப் பட்டியல் போதும். பதின்வயதுப் பிள்ளைக்கு சுவரில் கார்ட்டூன் படம் ஒட்டினால் அவமானமாக இருக்கும், போனில் ஒரு பட்டியலாக வைத்துக்கொடுங்கள்.

வீடியோ இன்னும் நன்றாக வேலை செய்யும், குறிப்பாகச் செய்பவரின் கண்ணிலிருந்து பார்ப்பதுபோல, கைகள் மட்டும் தெரியும்படி எடுத்தது. ஒரு எச்சரிக்கை: பிள்ளை உடையில்லாமல் இருக்கும் எந்தப் படத்தையும் எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள், பாடம் என்ற பெயரிலும் கூடாது. உடை மாற்றுவதற்கும் குளிப்பதற்கும் வரைந்த படமோ பொம்மையோ போதும்.

ஏன் செய்கிறோம் என்பதைச் சொல்ல, அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1991இல் உருவாக்கிய சோஷியல் ஸ்டோரி முறை உதவும். ஒரு சூழ்நிலையில் என்ன நடக்கிறது, மற்றவர்கள் என்ன உணர்கிறார்கள், நான் என்ன செய்யலாம் என்று பிள்ளையின் பார்வையிலிருந்து நாலைந்து வரி. கட்டளை தொனி வராமல் எழுதவேண்டும். "நான் குளிக்காவிட்டால் எல்லோரும் என்னை வெறுப்பார்கள்" என்று எழுதிக்கொடுத்த ஒரு தாளைப் பார்த்தேன், அது கதை இல்லை, மிரட்டல்.

பரிசு கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொடுக்கலாம். பிடிக்காததற்குப் பின்னால் பிடித்ததை வைத்தால் பிடிக்காதது நடக்கும் என்று உளவியலாளர் டேவிட் பிரீமாக் 1959இல் எழுதினார், அதற்கு முன்பிருந்தே பாட்டிமார்களுக்கு அது தெரியும். "முதலில் பல், அப்புறம் ரயில் வீடியோ." ஆனால் வலிக்கும் ஒன்றுக்கு லஞ்சம் கொடுத்தால் பிள்ளை வலியை மறைக்கத்தான் கற்கும். முதலில் வலியைச் சரிசெய்யுங்கள், பரிசு அப்புறம்.

கழிப்பறைப் பழக்கம் தனி உலகம். உளவியலாளர்கள் நேதன் அஸ்ரினும் ரிச்சர்ட் ஃபாக்ஸும் 1971இல் ஒரு தீவிரப் பயிற்சி முறையை வெளியிட்டார்கள்: நிறையக் குடிக்கக் கொடுத்து, அடிக்கடி உட்காரவைத்து, வெற்றிக்கு உடனே பரிசு. அடிக்கடி உட்காரவைப்பதும் உடனடிப் பாராட்டும் இன்றும் நிற்கின்றன. தவறிப்போனால் பிள்ளையையே திரும்பத் திரும்பச் சுத்தம் செய்யவைத்த தண்டனைப் பகுதியை விட்டுவிடுவதே நல்லது, தண்ணீரை மிதமிஞ்சிக் குடிக்கவைப்பதும் ஆபத்து. எதற்கும் முன்னால் மலச்சிக்கல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் அது அதிகம். இறுகிய மலத்தைச் சுற்றி இளகியது கசிந்து உள்ளாடையில் படும்போது, பார்க்கிறவர்களுக்கு அது அலட்சியமாகத் தெரிகிறது, பிள்ளைக்கோ கசிவதே தெரிவதில்லை. உட்காரும்போது கால் தொங்காமல் ஒரு பலகையில் ஊன்றியிருக்கவேண்டும். உட்புலன் மங்கலாக இருந்தால் "வந்தால் போ" என்பதைவிட "மணி அடித்தால் போ" என்பதே நடக்கும். சுத்தம் செய்துகொள்வதுதான் எல்லாவற்றிலும் கடைசியாக வரும், ஏனென்றால் கை பின்னால் போய், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், போதுமா இல்லையா என்று உணர்வை வைத்தே முடிவு செய்யவேண்டிய வேலை அது. அவசரப்படாதீர்கள்.

பிறகு பருவ வயது வருகிறது, பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாக 8லிருந்து 13 வயதுக்குள், ஆண் பிள்ளைகளுக்கு 9லிருந்து 14க்குள் மாற்றங்கள் தொடங்கும். பேச்சும் நடத்தையும் குழந்தைபோல இருந்தாலும் உடம்பு காத்திருக்காது. அக்குளிலும் இடுப்புக்குக் கீழும் உள்ள அபோக்ரைன் என்ற வகை வியர்வைச் சுரப்பிகள் அப்போதுதான் விழித்துக்கொள்கின்றன, அவற்றின் வியர்வைக்குத் தானாக வாசனை கிடையாது, தோலில் உள்ள பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம். நேற்றுவரை போதுமாக இருந்த குளியல் இன்று ஏன் போதவில்லை என்று பிள்ளைக்கு இந்த அளவுக்கு விளக்கிச் சொல்லலாம், காரணம் தெரிந்தால் ஒத்துழைக்கிற பிள்ளைகள் நிறைய. தன் வாசனை தன் மூக்குக்குப் பழகிப்போகும் என்பதால் "நாறினால் போட்டுக்கொள்" என்று டியோடரண்டைக் கொடுப்பது வீண், "குளித்துத் துடைத்ததும் போட்டுக்கொள்" என்று வரிசையில் கட்டிவிடுங்கள். ஸ்ப்ரேயின் சீறலும் குளிர்ச்சியும், ரோல்-ஆனின் ஈரமும் ஆகாதவர்களுக்குக் காய்ந்த குச்சி வகை இருக்கிறது. சவரத்துக்குப் பிளேடை விட ட்ரிம்மர் பாதுகாப்பு. முதலில் அணைத்த ட்ரிம்மரை கன்னத்தில் வைத்துப் பழக்குங்கள்.

மாதவிடாயை முதல் முறை வந்தபிறகு சொல்லிக்கொடுக்க நினைத்தால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். ரத்தம் என்றால் காயம் என்று மட்டும் தெரிந்த பிள்ளைக்கு அந்த நாள் எப்படி இருக்கும்! மார்பு வளரத் தொடங்கியதுமே ஆரம்பித்துவிடுங்கள். நாப்கினை உள்ளாடையில் ஒட்டிக்கொண்டு வீட்டில் அரைமணி நேரம் நடந்து பழகட்டும், எந்த வகைத் துணி உறுத்துகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். எங்கே ஒட்டவேண்டும் என்று உள்ளாடையில் கோடு போட்டுக்கொடுங்கள். சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை நாப்கினில் விட்டு மாற்றுவது, மடிப்பது, போடவேண்டிய இடத்தில் போடுவது என்று ஒத்திகை பார்க்கலாம். "நனைந்தால் மாற்று" என்று உணர்வை நம்பாமல், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம். உறிஞ்சும் உள்ளாடைகள் சிலருக்கு இந்தத் தொல்லை முழுவதையும் தீர்த்துவிடும். மாதத்தில் சில நாள் திடீரென்று கத்தல், தலையில் அடித்துக்கொள்ளல் என்று வந்தால் நாள்காட்டியைப் பாருங்கள், சொல்லத் தெரியாத வயிற்றுவலியாக இருக்கும்.

இனி நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைப்பது. உலகச் சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டு 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, மாற்றுத்திறனுள்ள குழந்தைகள் ஏதாவது ஒரு வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3.7 மடங்கு என்கிறது. பாலியல் வன்முறையில் மட்டும் 2.9 மடங்கு. தினமும் யார் யாரோ உடையைக் கழற்றி, தொட்டுக் கழுவி, சொன்னபடி நிற்கவைத்துப் பழகிய பிள்ளைக்கு எந்தத் தொடுதல் சரி, எது தப்பு என்று எப்படித் தெரியும்? "சொன்னதைக் கேட்கிற பிள்ளை" என்று நாம் பெருமையாகச் சொல்வது இங்கே பயமுறுத்துகிறது. உதவும் ஒவ்வொரு முறையும் "முதுகு தேய்க்கட்டுமா?" என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் கையை எடுங்கள், அந்த வேண்டாமுக்கு வீட்டில் மதிப்பு இருந்தால்தான் வெளியிலும் சொல்ல வரும். பேச்சு வராத பிள்ளைக்கு வேண்டாம் என்பதற்கு ஒரு சைகையோ அட்டையோ கொடுங்கள். உடல் உறுப்புகளுக்குச் செல்லப்பெயர் வைக்காமல் சரியான பெயரைச் சொல்லிக்கொடுங்கள், ஏதாவது நடந்தால் மருத்துவரிடமும் காவலரிடமும் அவர்களுக்குப் புரியும்படி சொல்லவேண்டுமே. உடை மாற்றுவது மூடிய கதவுக்குள் மட்டும், அவன் உள்ளே இருந்தால் நீங்களும் தட்டிவிட்டுத்தான் நுழையவேண்டும். ஐந்து வயதில் ஹாலில் துண்டில்லாமல் ஓடுவது அழகாக இருக்கும். 15 வயதில் அதே பழக்கத்துக்கு அழகு என்று யாரும் பெயர் வைக்கமாட்டார்கள், ஆகவே விதியை ஐந்திலேயே போட்டுவிடுங்கள். இந்தப் பிள்ளைகளுக்குப் பாதி வழியில் விதியை மாற்றுவது மிகவும் கடினம்.

வீட்டில் எல்லாம் வந்துவிட்டது, பள்ளியில் வரவில்லை என்பார்கள். அங்கே குழாய் வேறு, வாசனை வேறு, கை உலர்த்தும் இயந்திரம் திடீரென்று அலறுகிறது, தானாக ஃப்ளஷ் ஆகும் டாய்லெட் எப்போது கர்ஜிக்கும் என்று தெரியாது. அந்த சென்சாரின் மேல் ஒரு சிறு ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டால் எழுந்திருக்கும்வரை அது ஃப்ளஷ் ஆகாது, பையில் எப்போதும் ஒரு கட்டு வைத்துக்கொள்ளுங்கள். கற்கும் காலத்திலேயே இரண்டு மூன்று இடங்களில், இரண்டு வகை சோப்பில், வெவ்வேறு ஆட்களுடன் பழக்கினால் பழக்கம் ஒரே இடத்தோடு ஒட்டிக்கொள்ளாது. நன்றாகச் செய்துகொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்தினால் திட்டுவதற்கு முன் பல்வலி, தோல் எரிச்சல், காதுவலி என்று பாருங்கள். பதின்வயதுக்காரர் என்றால் மனச்சோர்வா என்றும் பாருங்கள், வாரக்கணக்கில் குளிக்காமல் இருப்பது சிலரிடம் அதன் முதல் அடையாளம்.

அந்த 14 வயதுப் பையனின் அம்மா என்ன செய்தார் என்று சொல்லிவிடுகிறேன். குரலை ஒரேயடியாக நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால் அவன் நாள் முழுக்க நின்றிருப்பான். ஏழு அட்டைகள் எழுதி ஒரு வளையத்தில் கோத்துக் கண்ணாடி பக்கத்தில் மாட்டினார். முதல் வாரம் "அடுத்தது" என்று சொன்னபடியே அட்டையைப் புரட்டினார். அடுத்த வாரம் சொல்லாமல் புரட்டினார். அப்புறம் அவன் கையைக் கொண்டு புரட்டவைத்தார், அப்புறம் வாசலுக்கு நகர்ந்தார், அப்புறம் கூடத்துக்கு. நடுவில் ஒரு வாரம் எல்லாம் கெட்டுப்போய் பழையபடி கத்தினார். கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆயிற்று. இப்போது கதவை மூடிக்கொண்டு தனியாகத்தான் பல் தேய்க்கிறான். கூடத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், தண்ணீர் சத்தத்துக்கு நடுவே, அம்மாவின் அதே இழுவையோடு, உள்ளேயிருந்து சன்னமாக வரும்: "அடுத்தது."